குதிரைக்கு நாலு கட்டம்

பிப்ரவரி 9, 1977, புதன்

குத்தாயிசி மன்றத்துப் பெண்கள் சதுரங்கப் போட்டி, நாலாவது சுற்று. சமன்.

ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம். ஒரு சிப்பாய் எனக்கு அதிகம். யானை நல்ல இடத்தில் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் நம்பிக்கை விட்டுப்போய்க் கையுறையைக்கூட எடுத்து மாட்டத் தொடங்கிவிட்டாள். அப்புறம் எனக்கு வழக்கமாக ஆவது ஆயிற்று. பலகை நிறையக் காய் இருக்கும்போது வராத பயம், காய்கள் குறையக் குறைய வருகிறது. இங்கே ஒரு நகர்வு, அங்கே ஒரு நகர்வு, எதற்கென்றே தெரியாமல். கடைசியில் அவள்தான் கை நீட்டினாள். நானும் நீட்டினேன். அவள் கையில் ஒரு கையுறை இருந்தது.

மன்றத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு என்று தெரியும். சமன் மக்வாலா. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, கூட ஆடும் சின்னப் பெண் எதேரியைத் தவிர.

வீட்டுக்கு வந்து என் கணவன் ஷாக்ரோவிடம் சொன்னேன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்துத் தெரு ஆட்களோடு கட்டை உருட்டி விளையாடும் நார்டி. "உங்க ஆட்டத்துல கட்டையே இல்லயே, அப்பறம் யாரத்தான் திட்டுவ?" என்றான். சிரித்துவிட்டேன். உண்மைதான், யாரைத் திட்டுவது?

பிப்ரவரி 11, வெள்ளி

வென்றேன். இருபத்தாறே நகர்வு. முடிவாட்டம் வரை போகவே விடவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

வென்றேன். மழை. குடை மன்றத்திலேயே.

பிப்ரவரி 15, செவ்வாய்

வென்றேன். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மேலாளர் ஜுஜுனா காதில் யாரோ போட்டிருக்கிறார்கள். "மூணு வரிசையா? காய்ச்சல் கீய்ச்சல் இருக்கான்னு பாத்துக்க" என்று வெப்பமானியை நீட்டினாள்.

பிப்ரவரி 18, வெள்ளி

வென்றேன். நாலு.

கணக்கு இப்படி இருக்கிறது: எதேரிக்கு ஏழு, எனக்கு ஆறரை. மற்றவர்கள் எல்லாரும் பின்னால். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில் நானும் அவளும். அவளுக்குச் சமன் போதும். எனக்கு ஜெயித்தே ஆக வேண்டும். முதலிடம் வருபவர் மட்டும்தான் ஏப்ரலில் தலைநகர் திபிலிசிக்கு, குடியரசின் இறுதிப் போட்டிக்குப் போவார்.

எனக்கு நாற்பத்தொரு வயது. பதினேழு வருடமாக இந்த மன்றத்தில் ஆடுகிறேன். ஒரு முறைகூட திபிலிசிக்குப் போனதில்லை. பார்வையாளர் வரிசையில் உட்காரப் போயிருக்கிறேன், அது வேறு.

எதேரிக்கு இருபத்திரண்டு. பொறியியல் படிக்கிறாள். வேகமாக ஆடுவாள். ஆடும்போது சூரியகாந்தி விதை கொறிப்பாள். விதைத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள், கீழே போடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். கெட்டவள் இல்லை. ஜெயித்துப் பழகிவிட்டவள், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, ஞாயிறு

ஐயோ, என்ன செய்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன், எழுதினால்தான் மனசு அடங்கும்.

ஐந்து மணி நேர ஆட்டம். பெரிய காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விட்டன. கடைசியில் அவளுக்கு ஒரு குதிரை, எனக்கு குறுக்கே ஓடும் மந்திரி ஒன்று. ஆளுக்கு மூன்று சிப்பாய். வலது பக்கம் என் இரண்டும் அவள் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, யாரும் அசைய முடியாது. இடது ஓரத்தில் என் சிப்பாய் ஒன்று, அதற்கு நேர் எதிரே அவளுடையது. என் மந்திரி வெள்ளைக் கட்டத்து மந்திரி, என் ஓரத்துச் சிப்பாய் நிற்பதோ கறுப்புக் கட்டம். ஆகவே மந்திரியால் அதைக் காக்க முடியாது. அவள் குதிரை அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. என் ராஜா பக்கத்தில் நின்று காவல் காக்கிறது. காவலை விட்டால் சிப்பாய் போயிற்று. காவல் நின்றால் ஆட்டம் சமன்.

"சமனா, அக்கா?" என்றாள் எதேரி.

இல்லை என்றேன்.

ஐந்து நகர்வு கழித்து, "அக்கா, சமனா?"

இல்லை.

மூன்றாவது முறை கேட்கவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குள் நேரம் முடிந்து நடுவர் வந்துவிட்டார். ஒத்திவைப்பு. என்னுடைய அடுத்த நகர்வைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்ட வேண்டும். ஆட்டம் தொடரும்போதுதான் பிரிப்பார்கள். அதுவரை மாற்ற முடியாது.

எனக்குக் காது சுட்டது. ராஜாவைச் சிப்பாயிடமிருந்து விலக்கி, நடுவை நோக்கி ஒரு கட்டம் எழுதினேன். ஒட்டினேன். கொடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெள்ளைப் பாலத்துக்கு வந்தபிறகுதான் உறைத்தது. காவலை நானே எடுத்துவிட்டேன்! யோசித்தா எழுதினேன்? கோபத்தில் எழுதினேன். பதினேழு வருடம் ஆடியவள் புருவம் ஒன்றுக்காக ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுப்பாளா?

புதன்கிழமை ராணுவ தினத்துக்கு மன்றத்துக் கூடத்தில் கச்சேரியாம், அதற்கு மேடை போடுகிறார்கள். ஆகவே ஆட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தொடரும்.

பிப்ரவரி 21, திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில் பலகையை விரித்தேன். ஜுஜுனா வந்து எட்டிப் பார்த்தாள். "எந்தப் பக்கம் நீ?" வெள்ளை என்றேன். "பாத்தா பரிதாபமா இருக்கே" என்றாள். அவளுக்கு ஆட்டமே தெரியாது.

அவள் உடனே எடுத்தால்? நான் இப்படி. அவள் அப்படி. நான் இப்படி. அவள் எடுக்காமல் சுற்றினால்? நான்... பதினோரு பக்கம் எழுதினேன். எல்லாக் கிளையும் ஒரே இடத்தில் போய் முடிகிறது. சமன், சமன், ஓர் இடத்தில் தோல்வி.

சாயங்காலம் வாலிகோ அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்தார். மன்றத்துத் தலைவர். ஈரத் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஷாக்ரோ பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் வைத்தான். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த விஷயத்தைத் தொடவில்லை.

"மக்வாலா, நீயே சொல்லு, அது சமன்தானே?"

"ஆடிப் பாக்கலாமே அண்ணே."

"ஆடிப் பாத்து? நீ தோத்தா மூணாமிடம் போயிருவ. சமன்னு கையெழுத்து போட்டா ரெண்டாமிடம் கைல இருக்கு. சின்னப் பொண்ணு, மேல போக வேண்டியவ. நான் திபிலிசிக்கு போன்கூடப் பண்ணிட்டேன்."

"என்னன்னு பண்ணினீங்க?"

"எதேரி வர்றாள்னுதான். நீயும் கூட வாயேன், துணைக்கு. பயணச் செலவு மன்றமே பாத்துக்கும்."

துணைக்கு! அந்தப் பெண்ணின் மேல்கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க!

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் போனதும் ஷாக்ரோ பாத்திரம் கழுவிக்கொண்டே, "அந்த ஆளு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. சமன்னு போட்டுட்டா ஒரு வாரமாச்சும் நீ மனுஷியா இருப்ப" என்றான். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். கோபம் அவன்மேலா, என்மேலா?

பிப்ரவரி 22, செவ்வாய்

கண்டுபிடித்தேன்.

எழுதி வைக்காமல் படுக்க முடியாது.

மதியம் கடையில் உட்கார முடியவில்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷாக்ரோவின் ரொட்டிக் கடைக்குப் போனேன். மதிய ரொட்டி போட்டு முடித்து அடுப்பு தணிந்துகொண்டிருந்த நேரம். மாவு மேசையில் ஒரு மூலையைத் துடைத்துக் கொடுத்தான். நேற்றுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று புரிந்தது, வாயால் கேட்கிற ஆள் இல்லை.

உறையில் என்ன எழுதினேன் என்று அவனிடம்தான் முதலில் சொன்னேன்.

குனிந்து பலகையைப் பார்த்தான். "இப்ப என்ன செய்யப் போற?"

"அதான் தெரியல. அவ இப்படிப் போனா நான் அப்படி..."

"அத விடு. அவ எப்படியும் போவா. உனக்கு என்ன வேணும்?"

"ஜெயிக்கணும்."

"அது தெரியும்டீ. ஜெயிக்கிறப்ப இந்தப் பலகை எப்படி இருக்கும்? எது எங்க நிக்கும்? வாங்குறவனுக்கு என்ன ரொட்டி வேணும்னு தெரியாம நான் மாவ பிசைவேனா?"

பதினேழு வருடமாக முடிவாட்டங்களில் நான் அடுத்த நகர்வைத் தேடியிருக்கிறேன், அதற்கடுத்ததைத் தேடியிருக்கிறேன். கடைசியில் எப்படி நிற்க வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

எல்லாக் காயையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். வலது பக்கத்துச் சிப்பாய்களை மட்டும் திரும்ப வைத்தேன், அவை அசையாதவை. என் ராஜா எங்கே இருந்தால் நன்றாக இருக்கும்? அந்தச் சிப்பாய்களுக்குப் பக்கத்தில், அவள் வீட்டு வாசலில். வைத்தேன். அவள் ராஜா? வாசலைக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும், நகர்ந்தால் நான் உள்ளே. வைத்தேன். அப்படியென்றால் அவளுக்கு அசைய இருப்பது குதிரை மட்டும். குதிரை அசைய முடியாமல் போனால்?

அவள் அசைந்துதான் ஆக வேண்டும். 'இந்த முறை வேண்டாம்' என்று சொல்ல இந்த ஆட்டத்தில் இடமே இல்லை.

குதிரை எங்கே அசைய முடியாது? ஓரத்தில். நடுவில் அதற்கு எட்டுக் கட்டம், ஓரத்தில் நாலுதான். எந்த ஓரத்துக்கு அது ஆசையாக வரும்?

என் சிப்பாய் நிற்கும் ஓரத்துக்கு.

குதிரையை எடுத்து அந்தச் சிப்பாய் நின்ற கட்டத்தில் வைத்தேன், சிப்பாயைத் தின்றுவிட்டதாக. அது போகக்கூடிய நாலு கட்டத்திலும் நாலு மாவு உருண்டை வைத்தேன். பிறகு மந்திரியை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தேன். குறுக்குக் கோடுகளை விரலால் இழுத்துப் பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. நாலு உருண்டையும் அந்த ஒரே மந்திரியின் வழியில்!

குதிரை எங்கே தாவினாலும் வெட்டு. தாவாமல் நின்றால், அவளுடைய ஓரத்துச் சிப்பாய்க்கு வழியை அடைத்துக்கொண்டு நிற்பதும் அதே குதிரைதான். அப்புறம் அசைய இருப்பது ராஜா மட்டும். ராஜா அசைந்தால் வாசல் திறந்தது.

"ஷாக்ரோ! இந்தச் சிப்பாய் எனக்கு வேண்டவே வேண்டாம்!"

"அப்ப ஞாயித்துக்கிழமையிலேர்ந்து எதுக்கு அழுத?"

மாவுக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டேன். வாசலில் ரொட்டிக்கு நின்ற இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 23, புதன்

இன்று எனக்கு வாராந்தர ஓய்வு. கச்சேரிக்குப் போகவில்லை.

படம் கிடைத்துவிட்டது, இப்போது வழி. இன்றைக்கு முழுவதும் வழி.

என் ராஜா அத்தனை தூரம் நடந்து போக வேண்டும். என் சிப்பாயை அவள் எப்போது எடுப்பாள்? இப்போதே எடுத்தால் மந்திரி நடுவுக்கு வரும், குதிரை மாட்டும், என் ராஜா பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டு எட்டில் திரும்பி வந்து குதிரையையே எடுத்துவிடும். எதேரி இதைப் பார்த்துவிடுவாள். அதனால் இப்போது எடுக்க மாட்டாள். என் ராஜா தூரம் போகட்டும் என்று காத்திருப்பாள்.

காத்திருக்கட்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

எடுக்கவே இல்லையென்றால்? அப்போது மந்திரி அவளுடைய ஓரத்துச் சிப்பாயைக் குறி வைக்கும். அவள் குதிரை அதற்குக் காவல் நிற்க வேண்டும். இத்தனை நாள் என் ராஜா பார்த்த வேலையை அவள் குதிரை பார்க்கும். அப்போதும் நெருக்குவது நான்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. மந்திரி முன்கூட்டியே நடுக் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் எங்காவது நிற்க வேண்டும், ஒரே எட்டில் வரும்படி.

உறையில் எழுதிய நகர்வு தப்பே இல்லை. இருந்ததிலேயே நல்ல நகர்வு அதுதான். கோபத்தில் எழுதினேன் என்று இந்தப் பக்கத்தைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்.

பிப்ரவரி 24, வியாழன்

மன்றத்து வாசலில் எதேரியைப் பார்த்தேன். "அக்கா, தூங்குனீங்களா?" என்றாள். கிண்டலா அக்கறையா தெரியவில்லை. "நல்லா" என்றேன். பொய் இல்லை.

ஜுஜுனா நாளைக்கு அரை நாள் விடுப்புக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் "பல்வலி" என்று அவளே எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 25, வெள்ளி

மெதுவாக எழுதப் போகிறேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

கூடத்தில் கச்சேரிக்குக் கட்டிய காகிதக் கொடிகள் அப்படியே தொங்கின. நாற்பது பேர் இருப்பார்கள். ஷாக்ரோ வேலை உடுப்போடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தான், சட்டையெல்லாம் மாவு. வாலிகோ அண்ணன் எதேரிக்குப் பின்னால் நின்றார். நடுவர் உறையைப் பிரித்து என் நகர்வைப் பலகையில் வைத்தார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. வாலிகோ அண்ணன் கண்ணை மூடித் திறந்தார், எனக்காக வருத்தப்படுகிறவர்போல.

எதேரி விதைப் பையைத் தள்ளி வைத்தாள். இருபது நிமிடம் யோசித்தாள். எடுக்கவில்லை. குதிரையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றிவிட்டாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், 'பாத்துட்டேன் அக்கா' என்று சொல்வதுபோல.

நான் ராஜாவை நடத்தினேன். ஓர் எட்டு. இன்னோர் எட்டு. பலகை காலியாக இருந்தது, ஆனால் எனக்கு அது காலியாகத் தெரியவில்லை. எது எங்கே போய் நிற்கப்போகிறது என்று தெரிந்த பலகை எப்படிக் காலியாகும்?

என் ராஜா வலது பக்க வாசலுக்கு வந்தது. அவள் ராஜா எதிரே வந்து நின்று கதவை அடைத்தது. நான் மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தி அவளுடைய ஓரத்துச் சிப்பாயைக் குறி வைத்தேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். என் ராஜா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று விரலால் எண்ணினாள், நான் பார்த்தேன், மேசைக்கடியில் எண்ணினாள். அவள் எண்ணியது சரிதான். திரும்பி ஓடினாலும் எட்ட முடியாத தூரம். அதோடு, குதிரை என் சிப்பாயை எடுத்தால் அதே இடத்திலிருந்து என் மந்திரியையும் மிரட்டும். ஒரே அடியில் இரண்டு.

எடுத்தாள். என் சிப்பாயைப் பலகைக்கு வெளியே சத்தம் வரும்படி வைத்தாள்.

கூட்டத்தில் எல்லாரும் எதிர்பார்த்தது ஒன்றுதான். மிரட்டப்பட்ட மந்திரி பதிலுக்கு அவள் சிப்பாயை எடுக்கும், கணக்குச் சரியாகும், சமன். வாலிகோ அண்ணன் நடுவரின் தாளைக்கூட எட்டிப் பார்த்தார், முடிவை எழுதப்போகிறார்களா என்று.

நான் சிப்பாயை எடுக்கவில்லை. மந்திரியை நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.

"ஐயய்யோ, சிப்பாய விட்டுட்டாளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ "உஷ்" என்றார்கள்.

எதேரி நகர்த்துவதற்குக் கையைத் தூக்கினாள். கை குதிரைமேல் நின்றது. தொடவில்லை. திரும்பிப் போய் மடியில் விழுந்தது.

அப்புறம் முப்பத்தைந்து நிமிடம்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அது முறையில்லை. கொடிகளைப் பார்த்தேன். அவள் என்ன எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். குதிரைக்கு நாலு கட்டம், நாலும் வெட்டு. சிப்பாய் மூன்றும் அடைபட்டுக் கிடக்கின்றன. ராஜாவுக்கு மூன்று கட்டம், எதில் போனாலும் என் ராஜா உள்ளே நுழையும். மொத்தம் ஏழு. ஏழில் ஒன்று நல்லதாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பத் தேடுகிறாள். நான் அந்த ஏழையும் புதன்கிழமையே தேடிவிட்டேன்.

கடைசியில் கடிகாரத்தை நிறுத்தினாள்.

"ஏழு அக்கா" என்றாள் தாழ்ந்த குரலில். "ஏழையும் எண்ணிட்டேன்."

"நானும்."

"எப்பப் பாத்தீங்க இத?"

"செவ்வாக்கிழமை."

"அதுக்கு முன்னாடியே உறையில போட்டுட்டீங்களே?"

நான் காய்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். கை கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் கை உறுதியாக இருந்தது. இருபத்திரண்டு வயதில் நான் இப்படித் தோற்றிருந்தால் பலகையைத் தட்டிவிட்டுப் போயிருப்பேன்.

கைதட்டல் எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. ஷாக்ரோ நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான், அவன் தட்டத் தட்டச் சட்டையிலிருந்து மாவு பறந்து முன்வரிசைக்காரர்கள் தும்மினார்கள். யாரோ, "மக்வாலா! ஏய், மக்வாலா!" என்று கத்தினார்கள். வெறும் மக்வாலா.

வாலிகோ அண்ணன் வந்தார். தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டி, "நான் மறுபடி போன் பண்ணணும்" என்றார்.

"பண்ணுங்க அண்ணே. பேர் எழுத்துப் பிழை இல்லாம சொல்லுங்க."

வீட்டுக்கு நடந்தே வந்தோம். ஆற்றில் மழைத் தண்ணீர் பழுப்பாக ஓடியது. ஷாக்ரோ வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான், தெரியாதவர்களிடமும். பாலத்தில் ஒருவர் நின்று, "யார தோக்கடிச்சாங்க?" என்று கேட்டார். "ஒரு குதிரைய" என்றான்.

பிப்ரவரி 26, சனி

தூங்கினேன். பத்து மணி வரை. முதல் முறையாக.

மார்ச் 6, ஞாயிறு

எதேரி கடைக்கு வந்தாள். இருமல் மருந்து கேட்டாள். இருமல் இல்லை.

"அந்த ஆட்டத்த மறுபடி போட்டுப் பாக்கலாமா?" என்றாள். "நான் எடுக்காம இருந்திருந்தா?"

பின்னறையில் இரண்டு மணி நேரம் பார்த்தோம். எடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டம்தான். ஓர் இடத்தில் அவள் ஒரு நல்ல தற்காப்பைக் காட்டினாள், எனக்கு வேர்த்துவிட்டது. நல்லவேளை, அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. அதைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. போகும்போது மருந்தை எடுத்துக்கொள்ளவே இல்லை.

மார்ச் 19, சனி

வாரம் மூன்று நாள் எதேரி வருகிறாள். தொடக்க ஆட்டம் அவள் எனக்குச் சொல்லித் தருகிறாள், முடிவாட்டத்தில் நான் அவளை அடிக்கிறேன். பதினாலு தடவை ஆடியதில் ஒன்பது என்னுடையது. திபிலிசிக்குத் துணைக்கு ஓர் ஆள் வரலாம் என்று மன்றத்துக் கடிதம் வந்திருக்கிறது. ஷாக்ரோவைக் கேட்டேன். "நான் வந்து என்ன பண்ண, அவங்களுக்கு ரொட்டியா போட?" என்றான். அப்புறம் அவனே, "அந்தப் பொண்ணக் கேளு" என்றான்.

கேட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் "எப்ப கெளம்புறோம்?" என்றாள்.

ஏப்ரல் 14, வியாழன். திபிலிசி

மூன்று சுற்று முடிந்தது. ஒன்று வெற்றி, ஒன்று தோல்வி, நேற்றைய மூன்றாவது ஒத்திவைப்பில் நிற்கிறது. எதிராளி மூன்று முறை இந்தப் பட்டத்தை வென்ற ஓர் அம்மாள், பெயரைக் கேட்டாலே எல்லாரும் எழுந்து இடம் விடுவார்கள். இரண்டு பேருக்கும் யானையும் சிப்பாய்களும். ஆட்டம் இன்று மாலை தொடர வேண்டும்.

காலையில் விடுதிச் சாப்பாட்டறையில் எதேரியும் நானும் பாலாடைக்கட்டி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் தம் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். எதேரி பதறி எழுந்தாள்.

"உக்காரும்மா. நீதான் மக்வாலாவா? குத்தாயிசிக்காரி?"

"ஆமாங்க."

"ராத்திரி பாத்தேன், காலையிலயும் பாத்தேன். என் ராஜா அந்த மூலையிலேர்ந்து வெளிய வராது, இல்ல?"

"வராதுங்க."

"சாயங்காலம் வந்து உக்காந்து அத உன் வாயால கேக்குறதவிட, இப்பவே விட்டுத்தர்றேன். மூட்டு வலி வேற." கையை நீட்டினார். நான் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். போகும்போது எதேரியின் தலையை ஒரு தட்டு தட்டிவிட்டு, "உன் பொண்ணா?" என்றார்.

"இல்லீங்க. எதேரி. அடுத்த வருஷம் உங்க எதிர்ல உக்காருவா."

மாலை முழுக்க எங்களுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. எதேரி மலைமேல் ஏறும் கம்பி ரயிலில் போகலாம் என்றாள். போனோம். வண்டி செங்குத்தாக ஏறத் தொடங்கியதும் அவள் பேச்சு நின்றுவிட்டது. அப்போதுதான் சொன்னாள், உயரம் என்றால் அவளுக்குப் பயமாம். மேலே போய்ச் சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.